கம்பளிக்கடையில் வைத்த மூட்டை

பாச்சை உருண்டையும் ஆட்டு மயிரும் கலந்த ஒரு நெடி, கடையின் அடைப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே முகத்தில் வந்து மோதும். உள்ளே காலடி வைத்தால் யாரோ ஈரக் கையால் மூக்கைப் பொத்தியதுபோல இருக்கும். போடிநாயக்கனூரில் பிறந்தவள் என்று நான் சொன்னதும், எதிரே இருப்பவர்கள் கண்ணை மூடி மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து, "ஏலக்காய்" என்று உருகுவதை வாழ்நாளெல்லாம் பார்த்து வருகிறேன். அவர்களுடைய உருக்கத்தைக் கெடுக்க மனம் வராமல் நானும் தலையாட்டி வைப்பேன். உண்மையில், பஜாரில் வளர்ந்த எங்களுக்கு ஏலக்காய் வாசனை என்று ஒன்று இருப்பதே தெரியாது. சொந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் அடிப்பது காதில் விழாததுபோல அது எங்கள் மூக்கில் விழாமலே போயிற்று. கல்லூரி விடுதியில் பெட்டியைத் திறந்தபோது, பக்கத்துக் கட்டில் பெண் எட்டிப் பார்த்து, பாயசம் கொண்டுவந்திருக்கிறாயா என்று ஆசையாகக் கேட்டாள். அப்போதுதான் என் தாவணிகள் எதில் ஊறி வந்திருக்கின்றன என்று எனக்கே தெரிந்தது. எனவே என் நினைவில் உள்ள போடி, பாச்சை உருண்டை வாசம் வீசுகிற போடி. அதற்குக் காரணம் என் அப்பா. வெயில் காலத்தில் தார் உருகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் ஊரின் நடு பஜாரில் அவர் கம்பளிக்கடை வைத்திருந்தார்.

கம்பளி, ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா, மழைக்கோட்டு, இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள் என்று உள்ளூரில் ஒருவருக்கும் தேவைப்படாத பொருள்களாகப் பார்த்து அவர் அடுக்கி வைத்திருந்தார். வாங்குகிறவர்கள் எல்லோரும் மலைக்காரர்கள். போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை, சாந்தன்பாறை என்று விரிந்து கிடக்கும் ஏலத்தோட்டங்களில் வேலை செய்கிற நம் ஆட்கள்தான் அவர்கள். அவர்களுக்கு எங்கள் ஊர் கீழே. எங்களுக்கு அவர்கள் ஊர் மேலே. "மேல போயிருக்காக" என்றால் எங்கள் ஊரில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, எந்த எஸ்டேட் என்றுதான் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளின் ஸ்வெட்டர் போட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட அப்பாவிடம் பொம்மை இல்லை, நான் இருந்தேன். சித்திரை வெயிலில் முழுக்கை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த பெண்குழந்தை தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். "திரும்பு தாயி" என்பார் அப்பா. திரும்புவேன். "கையத் தூக்கு." தூக்குவேன். சில ஆண்டுகளில் அந்த உத்தியோகம் போயிற்று. காரணம் வயது அல்ல, வாய். பக்கத்துக் கடைக்காரர் அவ்வப்போது வாங்கிக் கொடுத்த பரோட்டாவெல்லாம் சேர்ந்து, கடையிலிருந்த எந்தச் சின்ன ஸ்வெட்டரும் என் தலைக்குக் கீழே இறங்காத நிலை வந்துவிட்டது.

பஜார் என்று நாங்கள் சொன்னது ஒரு நீளத் தெருவும் அதிலிருந்து பிரிகிற சில சந்துகளும்தான். தெருவின் பாதிக்கு ஏலக்காய் கமிஷன் கடைகள். வாசல்களில் பெண்கள் முறத்தோடு வட்டமாக உட்கார்ந்து காம்பு நீக்கி, பச்சையைத் தனியாகவும் வெளுத்ததைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாயில் அகப்பட்ட சம்பந்தங்களும் சண்டைகளும் அதே நறுவிசோடு பிரிக்கப்படும். உள்ளே வியாபாரிகள் காயை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியை அப்படியே தரையில் விசிறிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போவார்கள். ஊரெல்லாம் ஒன்றிரண்டாகத் தட்டிப் பாயசத்தில் போடுகிற பொருளை நாங்கள் மிதித்து நடந்தோம். மீதித் தெருவில் மலைக்காரர்களுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். மண்வெட்டி, அரிவாள், கோணி, கருவாடு, ரேடியோ, ஜவுளி, நகை, பல் கட்டுகிறவர், கோட்டு தைக்கிறவர். நடுவில் ஜீப்புகள் நிற்கும் இடம். அதற்கு நேர் எதிரே எங்கள் கடை. ஒட்டினாற்போல் மீரான் மாமாவின் டார்ச் லைட் கடை.

வாரத்தில் ஆறு நாள் பஜார் ஏலக்காய்க்காரர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை மலைக்காரர்களுடையது. காலையில் முதல் ஜீப்பு தலையைக் காட்டியதும், "மலை எறங்கிருச்சு" என்று ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குச் சொல் தாவும். உள்ளே எத்தனை பேர், பின்னால் தொற்றிக்கொண்டு எத்தனை பேர், மேலே லோடோடு லோடாக எத்தனை பேர் என்று ஓட்டி வந்தவருக்கே தெரியாத அந்த ஜீப்புகளிலிருந்து ஒரு ஜனக்கூட்டம் உதிரும். இறங்கியவர்கள் முதலில் செய்கிற காரியம் சாமான் வாங்குவது அல்ல. கையிலிருப்பதைத் தமக்கு வாடிக்கையான ஒரு கடையில் இறக்கி வைப்பது. "வச்சுட்டுப் போறேண்ணே" என்று சொன்னால் போதும். பிறகு பகலெல்லாம் பஜாரில் வாங்குகிற ஒவ்வொன்றும் அந்த இடத்துக்கே வந்து சேரும். சாயங்காலம் ஜீப்பு புறப்படும்போது அள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் சினிமா பார்ப்பார்கள், சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுவார்கள், சிலமலைக்கோ தேவாரத்துக்கோ போய் ஒரு பஞ்சாயத்தை முடித்துவிட்டு வருவார்கள். மூட்டை கடையில் இருக்கும். பையும் இருக்கும், சேவலும் இருக்கும். ஒருமுறை ஒருவர் தம் மாமியாரையே வைத்துவிட்டுப் போனார். சொன்ன நேரத்துக்குள் வந்து கூட்டிக்கொண்டும் போனார் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

ஜீப்பு நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்ததால் எங்கள் கடைக்குத்தான் மூட்டைகள் அதிகம். அப்பா அதை வியாபாரமாக நினைக்கவில்லை, விருந்தோம்பலாகவும் நினைக்கவில்லை. ஒருவகைக் கலையாக நினைத்தார் என்று தோன்றுகிறது. கடையின் பின்கட்டில் ஓர் அறை முழுக்க மூட்டைகள் கிடக்கும். எதிலும் பெயர் இருக்காது, அடையாளம் இருக்காது. உள்ளே என்ன என்று கேட்கமாட்டார். "மூட்டைக்குள்ள என்னன்னு கேக்குறதும் ஒருத்தன் வீட்டு அடுப்பங்கரையில எட்டிப் பாக்குறதும் ஒண்ணுதான்" என்பார். மீரான் மாமா தம் கடையில் வைக்கப்படும் பைகளில் சிகரெட் அட்டையைக் கிழித்துப் பெயர் எழுதிச் செருகி வைப்பார். இதை அப்பா ஏளனமாகப் பார்ப்பதும், அவர் பார்ப்பதை மீரான் மாமா பார்ப்பதும் ஞாயிற்றுக்கிழமைச் சடங்குகளில் ஒன்று.

"ஏன் மாப்ளே, ஒரு சீட்டு எழுதிச் சொருகுனா ஒங்கையி தேஞ்சா போகும்?"

"சீட்டு எழுதுறவன் மறந்துருவான் மாமு. நான் மூஞ்சியப் பாத்து வாங்குறேன், மூஞ்சியப் பாத்துக் குடுக்குறேன்."

"ஒருநா மூஞ்சி முழுக்கக் குரங்குக் குல்லாவ மாட்டிக்கிட்டு ஒருத்தன் வருவான். அன்னைக்குப் பாக்குறேன் ஒன் சாமர்த்தியத்த" என்பார் மாமா. வந்தது குல்லா மாட்டியவன் அல்ல. கம்பளி வந்தது.

மலையில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீரோடு ஒரு புதுக் கம்பளியும் வைப்பார்கள். குளிருக்குப் போகிற பெண்ணுக்கு வெண்கலக் குத்துவிளக்கைவிட அதுதானே முக்கியம். கல்யாண மாதம் தொடங்குவதற்கு முன்னால் அப்பா மொத்தக் கொள்முதலுக்கு வெளியூர் போவார். அந்த வருஷம் அவர் திரும்பியபோது, வந்த பேல் கட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே ரத்தச் சிவப்புக் கம்பளி. கலந்து எடுத்தால் ஒரு விலை, ஒரே நிறமாக எடுத்தால் ஒரு விலை என்று மில்காரர் சொன்னாராம். அப்பா யோசிக்கவே இல்லையாம். அவருடைய வாழ்நாள் சாமர்த்தியங்களில் அதுவே தலையாயது என்று வீட்டில் ஒரு வாரம் பேசிக்கொண்டோம். கம்பளி வாங்கியவர்கள் தனியாகப் பை எதற்கு என்று அதையே விரித்து, வாங்கிய துணிமணிகளை நடுவில் வைத்து, நாலு முனையையும் சேர்த்து முடிந்துவிடுவது வழக்கம். சில வாரங்களில் எங்கள் பின்கட்டு அறை, தக்காளிக் கூடையைக் கவிழ்த்தாற்போல ஆகிவிட்டது. அதில் ஒரு தக்காளி இன்னொன்றைப்போல இருக்கும் என்பது எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சியக்கா வந்திருந்தார். சிலமலையில் பிறந்தவர், புருஷன் இறந்தபின் கைக்குழந்தையோடு மலையேறி, பூப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் காயெடுத்துப் பிழைத்தவர். அந்தக் கைக்குழந்தைக்குத்தான் புதன்கிழமை கல்யாணம். காலையில் எங்களிடம் கம்பளி வாங்கிக்கொண்டு போனார். கூறைச் சேலை, தையல்காரர் கொடுத்த ரவிக்கை, கண்ணாடி வளையல், மஞ்சள் கயிறு எல்லாவற்றையும் அதற்குள் முடிந்து வந்து வைத்தார். பலசரக்கு வாங்கப் போகும்போது, சேலையை எனக்கு மட்டும் முடிச்சைத் தளர்த்திக் காட்டினார். அரக்கு நிறம், கைவிரல் அகலத்துக்குச் சரிகை. ஒரே பகலில் எடுத்துவிடுகிற சேலை அல்ல அது; எத்தனையோ மழைக்காலம் அவர் மனசுக்குள்ளேயே எடுத்து மடித்து வைத்திருந்த சேலை என்பது அந்தக் காட்டுகிற விதத்திலேயே தெரிந்தது.

மத்தியானம் ஒருவர் ஓடி வந்தார். ராசிங்காபுரத்துக்காரர், காலையில் அவரும் ஒரு கம்பளி வாங்கி, ஒரு மூட்டை வைத்திருந்தார். "வெரசாக் குடுங்கண்ணே, ஜீப்பு கெளம்புது" என்றார். அப்பா அப்போது ஒரு கங்காணியின் தலையில் குல்லாவை மாட்ட முயன்றுகொண்டிருந்தார். அப்படியே திரும்பி, வந்தவரின் முகத்தைத் தீர்க்கமாக ஒரு பார்வை பார்த்து, பின்கட்டுக்குப் போய் ஒரு சிவப்பு மூட்டையைத் தூக்கி வந்து கொடுத்தார். முகத்தைச் சரியாகத்தான் பார்த்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சாயங்கால ஜீப்புக்காகப் பேச்சியக்கா சீக்கிரமே வந்துவிட்டார். அப்பா கொடுத்த மூட்டையை வாங்கி இடுப்பில் வைத்தவர், உடனே கீழே இறக்கினார்.

"இது எம் மூட்டை இல்லண்ணே."

"ஒன்னோடதுதான் தாயி. காலையில நாந்தானே வாங்கி வச்சேன்."

"கனம் வேறயா இருக்கு." குனிந்து மூட்டையை இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஆட்டினார். "வளையச் சத்தம் கேக்கல பாருங்க."

அப்பா பின்கட்டுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். அங்கே இருந்த எஞ்சிய மூட்டைகள் எல்லாம் சாக்கும் பையும். கடைசியில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அடுத்தவர் மூட்டை ஒன்றை அவிழ்க்க வேண்டி வந்தது. தனியாக அவிழ்க்க மனம் வராமல் மீரான் மாமாவைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு முடிச்சை எடுத்தார். உள்ளே ஒரு வெள்ளைச் சேலை, ஒரு துண்டு, நல்லெண்ணெய், சீயக்காய்ப் பொட்டலம். யாரும் ஒன்றும் விளக்கவில்லை, எனக்கே புரிந்தது. புருஷனை இழந்த பெண்ணுக்குக் கருமாதியன்று பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோகிற கோடி அது. கல்யாணச் சேலைக்குப் பதில் அதைத்தான் அப்பா எடுத்து நீட்டியிருக்கிறார். கல்யாணச் சேலை கருமாதி வீட்டுக்குப் போயிருக்கிறது. பேச்சியக்கா மெதுவாக, மரப்பலகை மேல் அல்ல, தரையில் உட்கார்ந்தார். "எம் பிள்ளைக்கு எடுத்த சேல" என்று மட்டும் சொன்னார். கடை வாசலில் கூடியவர்களில் ஒருத்தி, இனி அந்தச் சேலை ஆகாது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மீரான் மாமா, ஜென்மத்தில் முதல்முறையாகச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அப்பாவை ரொம்பப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

எந்த ஊர், எந்த வீடு என்பதை ஜீப்பு ஸ்டாண்டில் கேட்டால் தெரிந்துவிடும். அந்த நாளில் டிரைவர்களுக்குத் தெரியாத மலை வீடு கிடையாது. பூப்பாறைக்கு முன்னால், சாலையோரச் சிலுவைக் குருசடிக்கு மேலே உள்ள தோட்டத்தில் மறுநாள் கருமாதி. மத்தியானம் மூட்டை வாங்கிப் போன ராசிங்காபுரத்துக்காரர் அங்கேதான் இறங்கினாராம். அங்கே மூட்டையை அவிழ்ப்பதற்குள் போய்விடலாம் என்று அப்பா கிளம்பினார், பேச்சியக்கா கிளம்பினார். என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டார் அப்பா. துக்க வீட்டுக்குப் போய், தவறான மூட்டையைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லப் போகிற ஆணுக்கு, அடி விழாமல் இருக்க ஒரு பெண்குழந்தை கையில் இருப்பது நல்லது என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம். கடையை மீரான் மாமா பார்த்துக்கொண்டார். ஜீப்பு நகரும்போதுதான் அவர் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ளே, நீ மலைக்கு ஒருதரமாச்சும் போயிருக்கியா?"

போனதில்லை. வாழ்நாள் முழுதும் மலைக்குக் கம்பளி விற்ற மனிதர் மலையைப் பார்த்ததில்லை. வளைவுப் பாதையில் வயிறு புரட்டும் என்று பயம். அந்தப் பயம் சரியானதுதான் என்று முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே ஊர்ஜிதமாயிற்று. டிரைவர் அண்ணன் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். போடிமெட்டைத் தாண்டியதும் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்தது. வியாபாரப் பொருளாகக் கிளம்பிய என் மேல் முழுக்கை ஸ்வெட்டரும் குல்லாவும் இருந்தன. அப்பா மேல் அரைக்கைச் சட்டை. மடியில் ஒரு புதுக் கம்பளி இருந்தது. அதைப் போர்த்திக்கொள்ள முடியாது, அதற்குள்தான் கோடி முடிந்திருந்தது. பல் கிட்டிக்கொள்ள அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். கடைசியில் பேச்சியக்காதான் என் தலையிலிருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி அவர் உச்சியில் வைத்தார். சின்ன சைஸ். முகத்துக்குரிய ஓட்டை அவருடைய நெற்றிக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது.

குல்லாவை எடுக்க மறந்துபோய் அப்படியே துக்க வீட்டு வாசலில் போய் நின்றார். பொழுது இன்னும் முழுக்கச் சாயவில்லை. நாங்கள் போவதற்குள் மூட்டை அவிழ்ந்துவிட்டிருந்தது. ராசிங்காபுரத்துக்காரர் வாசல் கல்லில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். செத்துப்போனவரின் சித்தப்பா, கையில் ஊன்றுகோல் வைத்திருந்த பெரியவர், அவரைப் பார்த்து, உன் தங்கச்சிக்கு மறுகல்யாணம் பண்ணிப் பார்க்கத்தான் கூறைச் சேலை தூக்கி வந்தாயா என்று எத்தனையாவது முறையாகவோ கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்து மலையாளத்துக்காரர் ஒருவர், "மாறிப்போயதா, மாறிப்போயதா" என்று இருபக்கமும் சமாதானம் சொல்லிக்கொண்டு, எல்லோருக்கும் கட்டன்சாயா ஊற்றினார்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அவரு மேல தப்பு இல்லைய்யா. மூட்டைய மாத்திக் குடுத்தது நான். போடியில கம்பளிக்கடை வச்சிருக்கேன்."

பெரியவர் அப்பாவின் தலையைப் பார்த்தார். கம்பளிக்கடை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி தேவைப்பட்டிருக்காது. கோபத்தின் முனை அங்கேயே கொஞ்சம் மழுங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னார். அவிழ்த்தபோது கொட்டிய சேலையை எடுத்து மடித்து வைத்தது அந்த வீட்டுப் பெண் பாக்கியம். நாளைக்குத் தாலி இறக்கப்போகிறவள். அவள் கை பட்ட சேலையைக் கல்யாணப் பெண்ணுக்குக் கட்ட முடியாது, வேறு சேலை எடுத்துக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை என்றார். கூட இருந்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது. அப்பாவுக்கும் பட்டது, உடனே சரி என்றார். விவகாரம் இவ்வளவோடு முடிந்ததே என்று அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். கதவுக்கு அந்தப்பக்கம் இருட்டில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். மடித்து முடிந்த சிவப்பு மூட்டை அவருக்கு எட்டாத தூரத்தில், யாரோ நகர்த்தி வைத்த இடத்தில் இருந்தது.

பேச்சியக்கா யாரையும் கேட்காமல் உள்ளே போனார். மூட்டையைத் தூக்கி வந்து பாக்கியத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேற சேல எதுக்குண்ணே?" என்றார், அப்பாவிடம். "இதக் கடையில பொரட்டிப் பொரட்டி எடுத்தது யாரு கையி? எங்கையி. நான் தாலி எறக்கி எம்புட்டோ வருசமாச்சு. நான் தொட்டதுக்கு ஒண்ணுமில்ல, இந்தத் தாயி தொட்டதுக்கு மட்டும் ஆகாமப் போயிருமா?"

பெரியவர் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பெற்ற தாய் விஷயம் வேறு என்று ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டு டீயைக் குடித்தார். உள்ளேயிருந்து, பல நாள் பேசாத தொண்டையிலிருந்து வருகிறதுபோல ஒரு குரல் வந்தது.

"முந்தியில ஒரு எழ பிரிஞ்சிருக்கு மதினி. உள்ளாற தள்ளி விட்டுருக்கேன். கட்டும்போது இழுத்துறாம பாத்துக்கங்க."

பேச்சியக்கா முடிச்சை அவிழ்த்தார். இரண்டு பேரும் வாசல் வெளிச்சத்துக்காக ஒருக்களித்து, சேலை முந்தியை மடியில் போட்டுக்கொண்டு அந்த இழையைத் தேடினார்கள். கடைக்காரன் மேலே கிடந்த சேலையைக் கொடுக்காமல் அடியிலிருந்ததை உருவிக் கொடுத்துவிட்டான் என்று பேச்சியக்கா குறைப்பட்டார். எந்தக் கடை என்று பாக்கியம் கேட்டார். சொன்னதும், அவன் அப்படித்தான் என்றார். துக்க வீட்டில் ஆண்கள் எல்லோரும் வாசலில் நிற்க, உள்ளே இரண்டு பெண்கள் ஜவுளிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு பேச்சியக்கா, அப்பா மடியோடு கட்டிக்கொண்டு வந்த கோடியைத் தம் கையாலேயே பாக்கியத்தின் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது இரண்டு பேரும் அழுதார்கள். எழுந்திருக்கும்போது, "நாளையோட முடிஞ்சிருதுல்ல. புதன்கெழம வந்துரு" என்றார். அப்படிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு அப்பாவுக்குப் பதிலாக மீரான் மாமா போனார். அப்பா அந்தப் பாதையில் மறுபடி ஏறுவதாக இல்லை. பாக்கியம் வந்திருந்ததாகவும், லயத்து வீடுகளுக்குப் பின்னால் வெங்காயம் உரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்ததாகவும், தாலி கட்டும் நேரத்துக்குப் பேச்சியக்கா அவரைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதாகவும் மாமா வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "இப்பவாச்சும் சீட்டு எழுதுவியா மாப்ளே?" என்று கேட்டார். அப்பா அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்து, அடுத்த கொள்முதலில் நீலத்திலும் பச்சையிலும் கம்பளி எடுத்துவந்தார்.

வாடிக்கை குறையும் என்று பயந்தோம், மூட்டைகள் கூடின. கம்பளிக்கடையில் வைத்தால், மாறிப்போனாலும் மலைக்கே தூக்கி வந்து கொடுப்பார் என்று மேலே பேச்சாகிவிட்டதாம். குல்லாவைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள் என்று கேள்வி. அந்தப் பேச்சில் கடை பல வருஷம் ஓடியது. பிறகு நெரிசல் என்று ஜீப்பு ஸ்டாண்டைப் பஜாரிலிருந்து நகர்த்தினார்கள். அவ்வளவுதான். கடைகளை யாரும் மூடச் சொல்லவில்லை, ஜீப்பு நிற்கிற இடம் மட்டும் மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையைக் கழற்றிவிட்டு, எந்தக் கடையிலிருந்தும் "மலை எறங்கிருச்சு" என்ற குரல் வராத தெருவைப் பார்த்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார். பூப்பாறையிலேயே எல்லாக் கடையும் வந்துவிட்டது. மலையிலும் பழைய குளிர் இல்லை என்றார்கள். டார்ச் லைட்டை செல்போன் விழுங்கிற்று. மீரான் மாமாவின் மகன் செல்போன் விற்கப்போனார். கமிஷன் கடைகளில் இப்போது விலை கண்ணாடித் திரையில் ஓடுகிறது. காய் பிரிக்க இயந்திரம் வந்திருக்கிறது. அதற்குச் சம்பந்தம் பேசத் தெரியாது. அப்பா போனபின் கடையை விற்றோம். அதில் பாதி கைபேசி உறைகள் விற்கிற கடை, பாதி ஜூஸ் கடை. அந்தச் சுவர்களில் இனி பாச்சை உருண்டை வாசம் எங்கே இருக்கப்போகிறது என்று தெரிந்தும் மூக்கை நீட்டிப் பார்த்தேன். ஸ்ட்ராபெரி எசன்ஸ்.

இது போன மாதம். மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிற ரயிலில் காலையில் வந்து இறங்கினேன். ஒரு கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு, சாயங்கால ரயிலுக்குள் பஜாரை ஒரு நடை நடந்து பார்க்கலாம் என்று ஆசை. கையில் சக்கரம் வைத்த பெட்டி. எங்கள் பழைய கடை வாசலில் நின்று, ஒரு மணி நேரம் இதை இங்கே வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். கல்லாவிலிருந்த பையன் நல்ல பையன். "உள்ள என்னங்க மேடம் இருக்கு?" என்றான். இரண்டு சேலை, ரத்த அழுத்த மாத்திரை, பாதி படித்த ஒரு புத்தகம் என்று நானும் ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினேன். அவன் சங்கடப்பட்டுவிட்டான். "தப்பா நெனைக்காதீங்க மேடம். யாரும் எதையும் வைக்கக்கூடாதுன்னு ஓனர் சொல்லிருக்காரு. கேமரா வேற இருக்கு" என்று மேலே காட்டினான். நான் தப்பாக நினைக்கவில்லை; காலம் அப்படி. அடுத்த கடையிலும் அதற்கடுத்த கடையிலும் அதையே கொஞ்சம் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். இது எங்கள் கடைதான் ஒருகாலத்தில் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். சொல்லியிருந்தால், அதற்கும் ஏதாவது அத்தாட்சி கேட்டிருப்பார்கள்.

பெட்டியை இழுத்துக்கொண்டே பாதித் தெரு வரை நடந்தேன். சக்கரங்கள் கடகடவென்று போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருக்கும் என்னைத் தெரியவில்லை. கைச்சுமையை இறக்கி வைக்க ஓரிடம் இல்லாமல் ஒரு பஜாரைச் சுற்றிப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரயிலுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. நான் ஸ்டேஷனுக்கே திரும்பிப் போய், பிளாட்பாரத்தில் என் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.